உலர்த்தினால் பயன்படுத்தலாம்

அறிவியல் ஆலோசகர் என்ற உத்தியோகத்தில் நாம் சொன்னது பலித்தால் பெயர் கம்பெனிக்கு, பலிக்காவிட்டால் பெயர் நமக்கு. நீங்களும் யாருக்காவது யோசனை சொல்லிப் பிழைப்பவர் என்றால் இந்நேரம் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நானும் விட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பூதலூர் பக்கம் ஒரு கம்பெனி, வைக்கோலிலிருந்து வண்டிக்கு ஊற்றும் எத்தனாலும், மக்கிப்போகும் பிளாஸ்டிக் செய்ய லாக்டிக் அமிலமும் எடுக்கப் புறப்பட்டது. அதற்கு இரண்டு ஆலோசகர்கள். ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரையில் வருவார். இன்னொருவனான நான் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வருவேன்.

லேபைப் பார்த்துக்கொள்ள கலைச்செல்வியைத் தேர்வு செய்தது நான்தான். பக்கத்து ஊர்ப் பெண். கூலிக்கு நடவும் களையெடுப்புமாக இருந்த குடும்பத்தில் முதல் எம்.எஸ்ஸி. பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தாள். இன்டர்வியூ முடிந்ததும், "அந்த வேலைய விடலாமா சார்?" என்று என்னைக் கேட்டாள். "தைரியமா விடும்மா, சொந்த ஊரு" என்றேன். அவள் வந்து சேர்ந்த மூன்றாவது மாதம் அவளுடைய அம்மா வயல் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் சொன்ன ஆலோசனைகளில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

மாட்டுக்குத் தெரியாதது

முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கி, கம்பெனிக்கு எதிரே டீ குடித்தேன். டீக்கடைக்காரர், உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு வகுப்பெடுத்த பழக்கம் விடவில்லை. வைக்கோலுக்குள் சர்க்கரை எப்படிச் சங்கிலியாகப் பின்னிக் கிடக்கிறது, நொதி எப்படி அதை அறுக்கிறது, ஈஸ்ட் எப்படி அதைத் தின்று எத்தனாலாக மாற்றுகிறது என்று டீ ஆறும் வரை சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாய்லரை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்: "அப்ப வைக்கோல்ல சாராயம் இருக்குங்கறீங்க. எங்க மாடு பொறந்ததுலேருந்து அதத்தான் தின்னுது, ஒரு நாளும் தள்ளாடலீங்களே."

கழிவு

குறுவை அறுவடை நெருங்கியது. வைக்கோல் சேர்க்க நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஆபீசில் எழுதியிருந்தது 'வைக்கோல் வாங்கப்படும்' என்று மொட்டையாக இருந்தது. அறிவியல் கம்பெனிக்கு அறிவியல் தமிழ் வேண்டாமா? 'வேளாண் கழிவு நியாயமான முறையில் கொள்முதல் செய்யப்படும்' என்று நானே திருத்திக் கொடுத்தேன். பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் சுவர் சுவராக ஒட்டினார்கள். பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு கட்டு வரவில்லை. வயல்களில் மிஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் எல்லாம் மாட்டுத் தீவனத்துக்காகக் கேரளா லாரிகளில் ஏறி, எங்கள் கேட்டைத் தாண்டியே போனது. பொறுக்கமாட்டாமல் கலைச்செல்வியை அழைத்துக்கொண்டு காசிநாதன் என்ற விவசாயியிடம் போனேன். ஐந்து ஏக்கர் சாகுபடி செய்கிறவர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையிலேயே ஏதோ தப்பு நடந்திருப்பது தெரிந்தது. விஷயம் இதுதான். இந்தப் பக்கம் கழிவு என்றால், ஈரம், பதர் என்று காரணம் சொல்லி நெல் வியாபாரி எடையில் பிடித்துக்கொள்வது. அதைத்தான் நான் ஊர் முழுக்க ஒட்டி வைத்திருந்தேன். கலைச்செல்விக்கு இது முன்பே தெரியும். பேராசிரியர் திருத்தியதை எப்படித் திருத்துவது என்று பேசாமல் இருந்துவிட்டாளாம்.

காசிநாதன் வரப்பை விட்டு இறங்காமலே சொன்னார்: "நெல்லுக்குத்தான் கழிவுன்னா வைக்கோலுக்குமா சார்? அதுலயும் நியாயமான முறையிலன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சாத்தான் வயிறு எரியுது."

ஐப்பசிக்கு இங்கிலீஷ்

நோட்டீஸை மாற்றி ஒட்டுவதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. கடைசி அறுப்பு வைக்கோல் நனைந்துகொண்டே வந்து இறங்கியது. திரையில் வரும் ஆலோசகரைக் கூப்பிட்டோம். தங்கமான மனிதர். எங்கள் நிலைமையைக் கேட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு வழியும் சொன்னார். கட்டுகளைப் பிரித்து வயலிலேயே பரப்பி, இரண்டு வாரம் வெயிலில் போட்டு, நாளுக்கு ஒரு தடவை புரட்டிக் கொடுத்தால் போதுமாம். அவருடைய நாட்டில் அப்படித்தான் செய்வார்களாம்.

ஜன்னலுக்கு வெளியே மழை சாத்திக்கொண்டிருந்தது. வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. கலைச்செல்வி மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் குனிந்து கேட்டாள்: "சார், ஐப்பசிங்கறத இவருக்கு இங்கிலீஷ்ல எப்படி சொல்றது?"

லாம்

அடுத்த வாரம் முதலீட்டாளர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் பார்க்கும்போது வைக்கோலைப் புளிக்கவைத்து எத்தனால் எடுக்கும் தொட்டி ஓடவேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள் என்பது கம்பெனி எம்.டி.யின் பயம். 'இருக்கிற வைக்கோலைப் போடலாமா?' என்று வாட்ஸ்அப்பில் எனக்குக் கேள்வி அனுப்பினார். அன்று காலையிலேயே கலைச்செல்வி போனில் சொல்லியிருந்தாள், கட்டுக்குள் கையை விட்டால் சுடுகிறது, பூஞ்சை வாடை அடிக்கிறது, இது ஆகாது சார் என்று. நான் அடித்திருக்க வேண்டியது ஒரே சொல், 'கூடாது.' எங்கள் தொழிலில் அந்தச் சொல் லேசில் வாயில் வராது. கூடாது என்று நாலு தடவை சொன்னவரை ஐந்தாம் தடவை யாரும் கூப்பிடமாட்டார்கள். அதனால் நான் அடித்தது: 'உலர்த்தினால் பயன்படுத்தலாம்.'

அந்த மழையில் எங்கே உலர்த்துவது? உலர்த்தவில்லை, அப்படியே கொட்டிவிட்டார்கள். சேதி கேட்டுப் பதறிப்போய் எம்.டி.யிடம் ஓடினேன். அவர் கோபப்படவே இல்லை, போனை எடுத்து என் செய்தியையே எனக்குக் காட்டினார்: "லாம்னுதானே சார் போட்டிருக்கீங்க? கடைசில என்ன இருக்கோ அதத்தானே நாங்க பாப்போம்."

புளிப்பு

மூன்றாம் நாள் தொட்டி புளித்துவிட்டது. வைக்கோலோடு வந்த காட்டுக் கிருமிகள், ஈஸ்ட்டுக்கு வைத்திருந்த சர்க்கரையை முந்திக்கொண்டு தின்றுவிட்டன. எத்தனால் வரவேண்டிய தொட்டியில் லாக்டிக் அமிலம் வந்தது. அதுவும் கண்டதும் கடியதும் கலந்து, எதற்கும் உதவாத அமிலம். முதலீட்டாளர்கள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்கள். சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தும் சாப்பிடாமல் கிளம்பினார்கள்.

அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் எம்.டி. நப்பாசையோடு என்னிடம் திரும்பினார்: "ஆசிட்டும் நம்ம பிசினஸ்தானே சார், இதையே வித்துட முடியாதா?"

கேட்காத கேள்வி

சம்பா வைக்கோல் வரும்வரை தற்காலிக நிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. தற்காலிகம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லேபைப் பூட்டி, அதில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆலோசகர்களை யாரும் அனுப்பவில்லை. கம்பெனியின் இணையதளத்தில் என் படம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

மார்கழியில் ஒரு நாள் சாவியும் காகிதங்களும் ஒப்படைக்கப் பூதலூர் போனேன். வழியில் பிந்தி நட்ட சம்பா வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கலைச்செல்வியின் அம்மா மறுபடி வேலைக்குப் போகிறார் என்று டீக்கடைக்காரர் முந்தின வாரம் சொல்லியிருந்தார். அந்த வரிசையில் அவர் இருந்தாரா, தெரியாது. நான் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அவமானமாக இருந்தது. மழையையும் எம்.டி.யையும் எவ்வளவு திட்டினாலும், பெங்களூர் வேலையை விடச் சொன்ன வாய் என்னுடையதுதான்.

கலைச்செல்விக்கு போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. தை பிறக்கும் முன் அவளே கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எங்கேயாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்து, தெரிந்த நாலு பெயர்களை மனதுக்குள் தேடிக்கொண்டே, "சொல்லும்மா" என்றேன்.

"ஐதராபாத்ல ஒரு கம்பெனில எடுத்துட்டாங்க சார். போகலாமான்னு கேக்கறதுக்குக் கூப்பிடல, போறேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பூதலூர்க் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருந்தவர்கள் எடுத்த முடிவுகளில் உருப்படியானது, என்னைக் கேட்காமல் எடுத்த இந்த ஒன்றுதான்.