கார்க்காரம்மாவின் ஷட்டர்

ஷட்டரை இழுத்துவிட்டு, குனிந்து இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டு, நடுப்பூட்டையும் திருகிவிட்டு, நிமிர்ந்து நின்று அதை ஓங்கி ஓர் உதை உதைத்தால்தான் தனபாக்கியத்துக்கு மனசு அடங்கும். அதுவும் ரொம்ப நேரத்துக்கு அடங்காது. கடைக்குப் போகத் தெருமுனைவரை போனவள் அங்கிருந்து திரும்பி வந்து, பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்து, இன்னோர் உதை விட்டுவிட்டுத்தான் போவாள். "யக்கா, ஷட்டர் நல்லாத்தான் இருக்குது. ஒன் கால் எலும்புதான் பேத்துக்கப் போவுது" என்பாள் பக்கத்து வீட்டுச் சோபனா. தனபாக்கியம் காதிலேயே வாங்க மாட்டாள்.

ஆம்பூரை ஒட்டிய அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கார்க்காரம்மா என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். அவளிடம் கார் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததும் கிடையாது. கணவர் வேதாசலம் ஒரு தோல் மண்டி முதலாளிக்குக் கார் ஓட்டியவர். சொந்தமாக ஒரு டாக்ஸி வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீடு கட்டும்போது சமையலறையைக்கூடச் சுருக்கிக்கொண்டு காருக்கு ஷெட் போட்டு, ஷட்டரும் மாட்டிவிட்டார். ஷெட் வந்தது, கார் வரவில்லை. மாரடைப்புதான் வந்தது.

மனுஷன் போன பிறகு அந்த ஷெட்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. அவளுக்கு மட்டுமா? தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு அங்கே வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஷூவின் மேல்தோலுக்குக் கையால் தையல் போடுகிற வேலை. வெட்டிய தோலைக் கம்பெனி ஏஜெண்டு தன்சீல் அகமது மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். தைத்ததை ஏற்றிக்கொண்டு போவார். தோல் வாடையும் அதை ஒட்டுகிற சொல்யூஷன் வாடையும் தலைக்கு ஏறும். அதற்கு நடுவில் மாமியார் கதை, மருமகள் கதை, சிரிப்பு, சண்டை எல்லாம் நடக்கும். தனபாக்கியம் மட்டும் மனிதர்களிடம் பேசுவதைவிடத் தோலிடம்தான் அதிகம் பேசுவாள். ஊசி இறங்காமல் தோல் முரண்டு பிடித்தால், "இன்னாடி மொறைக்கிற? வாடி ஒழுங்கா" என்று அதை அதட்டுவாள். மெழுகு நூலைப் பல்லில் கடித்து இழுத்து இழுத்து முன்பல்லில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் தன் டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

அப்போதெல்லாம் ஷட்டருக்கு இருந்தது ஒரே ஒரு நடுப்பூட்டு. பக்கவாட்டுக் கொண்டிகள் துருப்பிடித்து உதிர்ந்து எத்தனையோ காலமாயிற்று. "இங்க இன்னா தங்கமா வச்சிருக்கேன்?" என்று விட்டுவிட்டாள்.

போன வருஷம் கணியம்பாடியில் ஒரு கல்யாணம். போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கினால், தைத்து முடித்து வைத்திருந்த மூட்டையைக் காணோம். தெருவே கூடிவிட்டது. தன்சீல் அகமது வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "யக்கா, இந்த ஒரு தபா நான் மேல பேசி சமாளிச்சிக்கிறேன். இன்னொரு வாட்டி போச்சுன்னா மூட்டை இந்தத் தெருவுக்கே வராது. ஷட்டர மொதல்ல சரி பண்ணு" என்றார். அவரும்தான் என்ன செய்வார், பாவம்!

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருடன் யாரென்று தெரியாவிட்டால், பறிகொடுத்தவர்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுவார்கள். அது பலிக்காமல் போகாது என்று எல்லோருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை. ஷெட்டில் தைக்கிற பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு பிடி மண்ணோடு நின்றார்கள். "ஒன் வூட்டுலதான் பூந்தான். நீதான் மொதல்ல தூத்தணும்" என்று சோபனா அவள் கையிலும் மண்ணை அள்ளிக் கொடுத்தாள். தனபாக்கியத்துக்கு அன்றைக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேருடைய உழைப்பல்லவா! தலைமுடி அவிழ்ந்து விழ, "எடுத்தவன் கை வெளங்காம போவணும்! ஒரு வாய் சோறு அள்ளித் தின்ன முடியாம போவணும்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தி மண்ணை விசிறினாள். அவ்வளவு கோபத்தில் அவளை அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

மறுநாள் ஷட்டர் வேலைக்கு லியாகத் அலி பாய் வந்தார். பூட்டைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். இடது மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"மா, பூட்டு ஒடையல. எதையும் அறுக்கல. இந்தப் பக்கம் ஷட்டர் ஓடுற சேனல் கீழே நெளிஞ்சிருக்குது பாரு. இங்க முட்டிய வச்சு அழுத்தித் தூக்குனா தகடு வெளிய வந்துடுது. ஒரு ஆளு படுத்துக்கினு உள்ள போலாம். வெளியாளு பாத்தா தெரியாது." குரலைத் தாழ்த்தி, "இது யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

யார் யாருக்கு என்ன? மொத்தம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவின் டிவிஎஸ் வண்டியைக் கொண்டுபோய் அந்த மூலையில் மோதிச் சேனலை நெளித்தவனே அவள் மகன் பார்த்திபன்தான். சாவியைத் தொலைத்துவிட்டு வந்தால் அந்த வழியாகத்தான் நுழைவான். திட்டிக்கொண்டே அவளும் சிரிப்பாள். ஷூ கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன், குடியால் அதை விட்டான். இப்போது நாட்றம்பள்ளி ஹைவே ஓட்டலில் பரோட்டா போடுவதாகச் சொல்கிறான்.

தனபாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டை போனது அப்போது அவளுக்குப் பெரிதாகவே தெரியவில்லை. தான் தூற்றிய மண்தான் கண்முன் நின்றது. பெற்ற பிள்ளையின் கை விளங்காமல் போகட்டும் என்று எந்தத் தாயாவது சொல்வாளா? அவள் சொல்லிவிட்டாள், அதுவும் ஊர் கூட்டிச் சொல்லிவிட்டாள்.

பாய்க்குப் புரிந்துவிட்டது. "பசங்கன்னா அப்படித்தான்மா. கூப்ட்டு ஒரு வார்த்த பேசு. வேணும்னா இந்த மூலைய நான் தொடல" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல பாய். நல்லா அடைச்சிடு. என் தலையெழுத்து என்னோட போவட்டும். தைக்கிறவளுங்க சோத்துல மண்ண போடக் கூடாது."

பாய் சேனலை நிமிர்த்தி, வெளிப்பக்கம் இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தார். இரண்டு பக்கமும் புதுக் கொண்டிகள், அறுக்க வராத கனத்த பூட்டுகள். ஷெட்டிலிருந்து சமையலறைக்குப் போகிற கதவுக்கும் உள்ளே குறுக்குக் கம்பி போட்டார். "இனிமே எவனாலயும் முடியாது" என்று அவர் சொன்னபோது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் "யாரோ வெளியூர்ப் பசங்களாம்" என்றாள். எல்லோரும் நம்பினார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு புதுப் பழக்கம். விடிந்ததும் வாசலில் மண் விழுந்த அந்த இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கித் தள்ளுவாள். கார்க்காரம்மாவுக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயில். "நான் சொன்னத நீ மனசுல வச்சிக்காத தாயே. தெரியாம சொல்லிட்டேன்." வேறு எந்த வேண்டுதலும் அவளுக்கு இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், பெண்கள் எல்லோரும் தைத்துக்கொண்டிருக்கும்போது பார்த்திபன் வந்து வாசலில் நின்றான். திருட்டுப் போன பிறகு அவன் வருவது அதுதான் முதல் தடவை. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. தனபாக்கியம் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி, அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. மெலிஞ்சிட்ட."

அவன் கண் இடது மூலைக்குப் போய்விட்டு வந்தது. "பூட்டெல்லாம் புதுசா போட்டுட்டியா?"

"திருட்டு பயம்டா."

"ஆமாம்மா. இப்பல்லாம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

பெண்கள் திருடனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்திபன் தைத்து முடித்த மூட்டைக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தான். "சாப்ட்டியாடா?" என்றாள் தனபாக்கியம். இல்லை என்று தலையாட்டினான்.

அவள் உள்ளே போகத் திரும்பினாள். நின்றாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து, குனிந்து, சோபனாவின் மடியில் வைத்தாள்.

"இது இப்ப எங்கிட்ட இருக்க வேணாம். அவன் போனப்புறம் குடு" என்று அவள் காதோடு சொல்லிவிட்டு, மகனுக்குச் சோறு போட உள்ளே போனாள்.