கேஸ் ஷீட்டில் நான் எழுதிய வரி

அவர் ஒருநாளும் குடித்ததில்லை. குடிகாரர் என்று எழுதியவன் நான்.

அவரை உங்களுக்குத் தெரியும். விவசாயிகள் சங்கத் தலைவர். திருவாரூர்ப் பக்கம் ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டி மதுக்கடைகளை மூடவைத்தவர். ஒரு மறியலில் கைதாகி, நான் மருத்துவம் பார்த்த சிறைக்கு வந்தார். அவர் இறந்ததும் பத்திரிகையைப் படித்துவிட்டு, 'இவரும் இவ்வளவுதானா' என்று டீக்கடையில் சிரித்தீர்களே... அந்தச் சிரிப்பை உங்களுக்குக் கொடுத்தவன் நான்.

இருபது ஆண்டுகள் ராணுவத்தில் அறுவை மருத்துவனாக இருந்தேன். ஓய்வுபெற்று மன்னார்குடியில் கிளினிக் வைத்தேன். காலையில் சிறைக்கும் போய்வருவேன்.

அது அடைமழைக் காலம். சிறையின் குடிநீர்த் தொட்டியில் சாக்கடை கலந்திருந்தது. பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. அவருக்குக் காய்ச்சல், வலது விலாவில் வலி. அழுத்திப் பார்த்ததுமே தெரிந்தது, ஈரலில் சீழ்க்கட்டி. எல்லை முகாம்களில் எத்தனை ஜவான்களுக்கு ஊசி விட்டு அதை உறிஞ்சி எடுத்திருக்கிறேன்! தஞ்சாவூருக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பார்.

ஏன் அனுப்பவில்லை?

அப்போதெல்லாம் விடிந்ததும் இரண்டு பெக் போடாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டேன். பட்டாளத்துப் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். குனிந்து அவர் வயிற்றைத் தொட்டபோது வாடை அவருக்குத் தெரிந்துவிட்டது.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. இத விட்டுடுங்க. உங்க கை நடுங்குது" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற வார்டர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கைதி எனக்குப் புத்தி சொல்வதா?

அன்று மத்தியானம் சிறை அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"இப்ப இவர வெளிய அனுப்புனா ஆஸ்பத்திரி வாசல்ல மாவட்டமே வந்து நிக்கும் டாக்டர். இங்கயே வச்சுப் பாருங்க. தொட்டித் தண்ணியாலதான்னு மட்டும் எழுதிடாதீங்க."

"வேற என்னன்னு எழுதுறது?"

"அது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது அவ்வளவுதான். குடி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அது என்னுடையது. 'நீண்டகால மதுப்பழக்கம். ஈரல் வீக்கம். அவசரமில்லை.' எழுதும்போது என் கை நடுங்கவேயில்லை.

மூன்றாம் நாள் கட்டி வயிற்றுக்குள் உடைந்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. வழியிலேயே போய்விட்டார். பிரேதப் பரிசோதனையில் சீழ்க்கட்டி என்று வந்தது. குடிப்பவர்களுக்கு அது அடிக்கடி வருவதுதான். என் வரியும் அதுவும் கச்சிதமாகப் பொருந்திப்போயின. விசாரணையில், "குடிப்பேன்னு அவரே எங்கிட்ட சொன்னார்" என்றேன். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன்.

போன மாதம் அவருடைய மகள் கிளினிக்குக்கு வந்தாள். டோக்கன் வாங்கி, தன் முறை வரும்வரை காத்திருந்து உள்ளே வந்தாள்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கப்பா குடிச்சாரா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு என்ன ஆகியிருக்கும்? ஒரு வழக்கு, கொஞ்சம் அவமானம்... எழுபது வயதில் அதற்குக்கூடத் துணிவில்லை.

"வீட்டுக்குத் தெரியாம குடிக்கிறவங்க உண்டும்மா" என்றேன்.

அவள் அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "சங்கத்துல அப்பா படத்த எடுத்துட்டாங்க. நான் போய்ச் சண்டை போட்டேன். இனிமே போட மாட்டேங்க" என்றாள்.

நம்பிவிட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம், மேசையில் இருந்ததை எடுத்து என் முகத்தில் எறிந்திருக்கலாம். நம்பிவிட்டுப் போனாள்.

அவள் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். இன்னும் போகவில்லை. போவேன் என்றும் சொல்லமாட்டேன். உண்மையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் கவனித்தீர்களா, இதில்கூட அவர் பெயரை நான் எழுதவில்லை... என் பெயரையும்தான்.