தென்னேரியில் பாய் விரித்தோம், முள்ளைப் பிடுங்கினோம்

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு எங்கள் படகு உத்திரமேரூரை விட்டுக் கிளம்பியது, குட்டி யானை வண்டியின் முதுகில். வண்டி வாடகை போக வர 2,200 ரூபாய். படகு பதினான்கு அடி. வண்டிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த பகுதிக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தான் என் தம்பி முரளி. பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டிய ஊரில் பாய்மரப் படகு போனால் நிற்கத்தானே செய்வார்கள்.

முரளி பைபர் கதவு செய்கிறவன். கதவு போக மிஞ்சிய பைபரும் பிளைவுட்டும் இரண்டு வருஷத்தில் படகாகிவிட்டன. பாய் என்பது எங்கள் களத்தில் நெல் காயப்போடும் நீலப் படுதா. அதை வெட்டித் தைத்தவள் நான் என்பதால் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. நங்கூரம், மூடிப்போன ரைஸ் மில்லில் வாங்கிய இருபது கிலோ எடைக்கல். அவன் மனைவி வர மாட்டேன் என்று கையை விரித்துவிட்டாள். காற்றடிக்கும்போது படகு சாயாமலிருக்க எதிர்ப்பக்கம் உட்கார ஓர் ஆள் வேண்டுமாம். அதற்கு என் எடை பொருத்தம் என்று அவன் கண்டுபிடித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கு வயது ஐம்பது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நீச்சல் தெரியாது. 850 ரூபாய்க்கு மிதவைச் சட்டை ஒன்று வாங்கித் தந்து வாயை அடைத்துவிட்டான்.

எங்கள் ஊரிலேயே பெரிய ஏரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தோம். இந்த வருஷம் கோரை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அரை நாள் அதற்குள் சிக்கி, கரையில் மாடு மேய்த்தவர் கயிறு வீசி இழுத்துவிட்டார். அதனால்தான் தென்னேரி.

சாலவாக்கம் தாண்டித் திருமுக்கூடல் வரும்போது மணி ஏழு பத்து. மூன்று நாள் முன்பு பெய்த மழையில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிஷம் பார்த்தோம். மணலைப் பார்த்தே பழகிய கண்ணுக்குத் தண்ணீர் ஒரு விருந்துதான். எதிர்க்கரை பழையசீவரத்தில் டீ பன்னிரண்டு ரூபாய். டீக்கடையில்தான் டிரைவர் தன் சந்தேகத்தைக் கேட்டார். மீன் பிடிக்கவா போகிறோம் என்றார். இல்லை என்றான் முரளி. ஆள் ஏற்றவா என்றார். அதுவும் இல்லை, ராத்திரி படகிலேயே படுத்துவிட்டு நாளைக்குத் திரும்பிவிடுவோம் என்றேன் நான். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வூட்ல எதுனா சண்டையாம்மா?"

வாலாஜாபாத்தில் இட்லி கட்டிக்கொண்டு எட்டரைக்குத் தென்னேரிக் கரையில் இறங்கினோம். வண்டியின் மீட்டர் முப்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது.

ஏரியில் இறங்குவதற்கு முன்னால் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. இங்கே பன்னிரண்டு குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து மீன் வளர்க்கின்றன. குழுவுக்குத் தலைவி எலிசபெத் அக்கா. நடவுக்கும் அறுப்புக்கும் வாய்க்கால் தூர் எடுக்கவும் நிலக்காரர்களிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், இப்போது ஏரியை நம்பி இருக்கிறார்கள். அவர் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. முரளி இதற்கு முன் நான்கு முறை வந்து கெஞ்சியிருக்கிறான். நாலாவது முறைதான் தலையாட்டியிருக்கிறார். நிபந்தனையை எனக்காக இன்னொரு தரம் சொன்னார்.

"இந்த ஒரு ராத்திரி பாக்கறேன். மீனுக்கு ஒண்ணும் ஆவலன்னா, தண்ணி கீற வரிக்கும் வாரா வாரம் வா. வலைலயோ கழிலயோ கை வெச்சே, அப்பறம் ஒன் போட்டு இந்த ஏரில எறங்காது. நான் சொல்றது புரியுதா டீச்சர்?"

புரிந்தது என்றேன். முரளி அதற்கு மேல் தலையாட்டினான். சுற்றுவட்டாரத்தில் பாய் விரிக்க இடமுள்ள தண்ணீர் வேறெங்கும் அவன் பார்த்ததில்லை. இங்கேயும் இல்லையென்றால் அந்தப் படகு அவன் பட்டறையில் கவிழ்ந்து கிடந்து கோழி அடைய வேண்டியதுதான். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருக்கின்றன.

பத்து மணிக்குப் பாய் விரித்தோம். முதல் அரை மணி நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு திறந்தேன். கிழக்கிலிருந்து காற்று சீராக வந்தது. மோட்டார் சத்தம் இல்லை, துடுப்புச் சத்தம் இல்லை. எங்கள் களத்தில் நெல்லைச் சுமந்த படுதா புடைத்துக்கொண்டு எங்களை இழுத்துப் போனது. நாரைகள் எழுந்து பறக்கக்கூட இல்லை, தலையைத் திருப்பிப் பார்த்ததோடு சரி. தண்ணீருக்கு நடுவே மூன்று பனைமரங்கள் கழுத்தளவு நின்றன. முரளி பாய்க் கயிற்றை என் கையில் கொடுத்து, காற்று பலமானால் விடு, குறைந்தால் இழு என்றான். மதியம் இரண்டு மணிக்குள் எனக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. ஐம்பது வயதில் புதிதாக ஒன்று கைக்கு வருவது சாதாரணமா?

மாலை ஐந்தேகாலுக்கு ராத்தங்க இடம் பார்த்தோம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் ஒன்று மேற்குப் பக்கம் வந்து சேர்கிறது. அதன் முகத்தில் இரண்டு பக்கமும் நாணல், நடுவில் அலையில்லாத தண்ணீர். காற்று அங்கே எட்டவில்லை. எடைக்கல்லை இறக்கினோம். முழங்கால் ஆழம்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

கால்வாய் முகத்தில் குறுக்காக முள் கிடந்தது. கருவேல முள்ளும் பனை மட்டையுமாக, கரைக்குக் கரை. மழையில் அடித்துவந்த செத்தையெல்லாம் அதில் அடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்து நின்றது. எங்கள் ஊரில் வாய்க்காலில் முள் கிடந்தால் ஒரே அர்த்தம்தான். எவனோ தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்புகிறான். அப்பா இருந்தவரைக்கும் ஊர் வாய்க்காலில் முள்ளைக் கண்டால் யாரையும் கேட்க மாட்டார். வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கிப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் கை எனக்கும் வந்திருக்கிறது. பன்னிரண்டு குடும்பத்தின் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீரைத் தடுக்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன். அரை மணி நேரத்தில் இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்கு வழி திறந்துவிட்டேன். முரளி பெரிய கிளைகளைக் கரையில் இழுத்துப் போட்டான். தேங்கியிருந்த தண்ணீர் சலசலவென்று ஏரிக்குள் இறங்கியது. எலிசபெத் அக்காவுக்கு உதவி செய்துவிட்டோம் என்று பேசிக்கொண்டே இட்லியைத் தின்று முடித்தோம். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து ஐம்பது. வெளுக்கிற நேரம். படகின் விளிம்பில் தலையை வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் என்னவோ மினுங்கியது. உள்ளங்கை நீளத்துக்கு மீன்கள், வரிசையாக, ஓட்டத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. நான் திறந்த வழியாக ஏரியிலிருந்து கால்வாய்க்குள். அழகாக இருந்தது. முரளியை எழுப்பிக் காட்டினேன். அவன் எழுந்து பார்த்தான், பிறகு கரையில் கிடந்த முள்ளைப் பார்த்தான். 

"யக்கா, அது தண்ணிக்குப் போட்ட முள் இல்ல. மீனுக்குப் போட்ட வேலி."

புதுத் தண்ணீர் வந்தால் மீன் ஏறும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். எங்கள் வயலிலேயே கெண்டை ஏறியிருக்கிறது. தெரிந்திருந்தும் வாய்க்கால் என்றதும் எங்களுக்குத் தண்ணீர் மட்டும்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் குதித்து, குளிரில் நடுங்கிக்கொண்டே முள்ளை இழுத்து வழியை அடைத்தோம். இனி போகாது. போனது போனதுதான்.

அப்போது நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. வேலி பழையபடி இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை, பாயை விரித்துப் போய்விடலாம் என்றேன். பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறவள் நான். ஆனால் போகப்போவது என்னுடையது அல்ல, அவனுடைய படகு. தப்பு என்னுடையது. முரளி எலிசபெத் அக்காவைக் கூப்பிடச் செல்போனை எடுத்தான். என்னைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னான். "மறச்சிட்டு அடுத்த வாரம் அந்தம்மா மொகத்த எப்பிடிக்கா பாக்கறது?"

ஆறே முக்காலுக்கு எலிசபெத் அக்கா கரை வழியாக நடந்து வந்தார். கூட இரண்டு பெண்கள். மூவரும் வெள்ளைப் புடவை கட்டியிருந்தார்கள், கோயிலுக்குக் கிளம்பியவர்கள். ஏழரைக்கு ஆராதனை. நான் முன்னால் போய், பிடுங்கினது நான்தான், தம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அது முழு உண்மையில்லை என்பதைக் கரையில் பெரிய கிளைகள் இழுபட்ட தடமே காட்டிக்கொடுத்திருக்கும். அவர் என்னைக் கடந்து போய்க் குனிந்து வேலியைப் பார்த்தார். எத்தனை நேரம் திறந்திருந்தது என்று கேட்டார். ராத்திரி பூராவும் என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"எத்தினி வருசமா உங்க வாய்க்கால நாங்க சுத்தம் பண்ணிக்கினு இருந்தோம் டீச்சர். நீ வந்து எங்க வாய்க்கால சுத்தம் பண்ணிட்டியே."

 அவர் கால்வாயின் மேல்பக்கம் திரும்பினார். மேலே ஒரு பர்லாங் தூரத்தில் சிறுபாலம் இருக்கிறது, அங்கே கல் படி இருப்பதால் அதற்கு மேல் குஞ்சு ஏறாது, எல்லாம் இடையில்தான் நிற்கும் என்று கூட வந்த பெண்களிடம் சொன்னார். ஓட்டிக்கொண்டு வர அகலமான வலை வேண்டும். வலையெல்லாம் ஊருக்குள் இருந்தது. போய் எடுத்துவர முக்கால் மணி நேரம் ஆகும். வெயில் ஏறினால் மீன் நாணல் வேருக்குள் போய்விடும்.

முரளி படகில் ஏறிப் பாயை அவிழ்த்தான்.

நீலப் படுதா கால்வாய்க்குக் கச்சிதமாக இருந்தது. அடிவிளிம்பில் கற்களை வைத்துக் கட்டினோம். தண்ணீர் போக எலிசபெத் அக்கா அங்கங்கே கத்தியால் கீறச் சொன்னார். நான் தைத்த பாயை நானே கீறினேன். சிறுபாலத்தில் இறங்கி, கரைக்குக் கரை படுதாவைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேரும் ஏரியைப் பார்த்து மெதுவாக நடந்தோம். இடுப்பளவு தண்ணீர், காலுக்குக் கீழே சேறு. ஒரு முனை முரளி கையில், மறு முனை ஒரு பெண்ணின் கையில். நடுவில் நானும் எலிசபெத் அக்காவும் தோளோடு தோள். அவருடைய வெள்ளைப் புடவை மார்பு வரை சேறாகிவிட்டது. முன்னால் தண்ணீர் துள்ள ஆரம்பித்தது. வேலியை நெருங்கும்போது கொதிக்கிற உலை மாதிரி இருந்தது. முரளி தன் முனையை மற்றப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கரை வழியாக ஓடிப்போய் வழியைத் திறந்தான். உள்ளங்கை நீள மீன்கள் கூட்டங்கூட்டமாக ஏரிக்குள் பாய்ந்தன. உடனே அடைத்தோம். எத்தனை திரும்பின என்று கேட்டேன். முக்கால்வாசி இருக்கும், மிச்சம் ராத்திரி கொக்குக்குப் போயிருக்கும் என்றார்.

மணி எட்டேகால். ஆராதனை முடிகிற நேரம். எல்லாரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். முரளி கிழிந்த படுதாவைப் பிழிந்து மடித்துக்கொண்டிருந்தான். ஒரேயடியாக மடிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. எலிசபெத் அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மத்த நாள் ராவெல்லாம் மொறை வெச்சி இந்த கால்வா வாய்லதான் படுத்துக்கறோம். சனிக்கெயமதான் ஆளில்ல, காலீல எல்லாரும் கோயிலுக்குப் போவணும்ல. நீ சனிக்கெயம ஒன் போட்ட இங்கதான் கட்டணும். வேற எடத்துல கட்டக் கூடாது. முள்ளுக்கு நீதான் காவல்."

முரளி புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. முகத்தைத் துடைப்பது போல அந்த ஈரப் படுதாவிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். எலிசபெத் அக்கா என் பக்கம் திரும்பி, டீச்சரும் வரட்டும், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும் என்றார். முதல் தடவையாகச் சிரித்தோம்.

பாயில்லாத படகைத் துடுப்புப் போட்டுக் கரை சேர்க்கப் பதினொன்றரை ஆனது. திருமுக்கூடல் பாலத்தைத் திரும்பத் தாண்டும்போது வண்டி முழுக்க மீன் வாடை. சண்டை தீர்ந்ததா என்று கேட்டார் டிரைவர். தீர்ந்தது என்றேன். அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னான் முரளி.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு எங்கள் வயலுக்குப் போனேன். மேல் மடைக்குப் பக்கத்தில் வாய்க்காலில் ஒரு கட்டு முள் கிடந்தது. தண்ணீர் லேசாகத் தேங்கி நின்றது. கை தானாகப் புடவைத் தலைப்பைச் சொருகப் போனது. நிறுத்திக்கொண்டேன். வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து, களை பறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், இந்த முள் யார் போட்டது, எதுக்காக என்று கேட்டேன்.

இத்தனை வருஷத்தில் அதை நான் யாரிடமும் கேட்டதில்லை.