ஐந்து சங்கிலி மைதானம்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கையில் ஒரு படிவத்தோடு வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் தொழிற்பிரிவு இருக்கிறதாம், அதில் பொறியியல் பாடமாம். "மாமா, நீங்க இன்ஜினியரிங் வாத்தியாரா இருந்தீங்களாமே. அதுல என்னதான் சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இரும்புத்தூளும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறியதுதான் மிச்சம். "எல்லாம் தேவையானதுதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம். ஹைஸ்கூல் பையன்கள் எல்லாரும் குமாஸ்தா வேலைக்கே போகிறார்கள் என்று சர்க்காருக்குக் கவலை வந்து, நாலாவது பாரத்திலிருந்து, அதாவது ஒன்பதாம் வகுப்பிலிருந்து, இன்ஜினியரிங் என்று ஒரு பிரிவைத் திறந்தார்கள். டிப்ளமா வாங்கிவிட்டுத் திருச்சியில் சும்மா இருந்த என்னை, உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வயசு இருபத்திரண்டு. மீசை சரியாக முளைக்கவில்லை, ஆனால் கோட்டு இருந்தது.

ஒர்க் ஷாப் என்று எனக்குக் காட்டிய இடம் அதுவரை விறகு போட்டிருந்த கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்று, அரம் நாலு, சுவரில் நீராவி இன்ஜின் படம். பையன்கள் பதினெட்டுப் பேர். பாடத்திட்டப்படி ஓர் இரும்புக்கட்டையை அரத்தால் அராவிச் சதுரமாக்க வேண்டும். ஒரு மூலை சரியானால் எதிர்மூலை கோணிக்கொள்ளும். அதைச் சரிபண்ணினால் இது கோணும். கார்த்திகை வரைக்கும் அராவினோம். கட்டை சதுரமாகவில்லை, காணாமல் போயிற்று. வைஸ் துருப்பிடிக்காமலிருக்க வாங்கிவைத்த தேங்காயெண்ணெயைப் பையன்கள் தலைக்குத் தடவிக்கொண்டார்கள். அந்த வகையில் பிரிவு பளபளப்பாகத்தான் இருந்தது.

படத்தில் பார்த்த இன்ஜினை நேரில் காட்டலாமே என்று ஒருநாள் அரியலூர் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். பையன்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லும்படி கூட்ஸ் வண்டி டிரைவரிடம் பணிவாகக் கேட்டேன். "சூடா இருக்கும், தள்ளி நில்லுங்க" என்றார். நீராவியைப் பற்றி அந்த வருஷம் அவர்கள் சந்தேகமில்லாமல் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

உருப்படியாக எங்களிடம் இருந்தது நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி. அறுபத்தாறு அடி. தரையில் இழுத்துப் போனால் சலசலவென்று சத்தம் போடும். பள்ளி மைதானத்தை அளந்து படம் போடச் சொன்னேன். மைதானத்துக்குக் கிழக்கே முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிக் கமிட்டித் தலைவரின் முந்திரித் தோப்பு. ஆபீஸில் இருந்த பத்திரப்படி மைதானத்தின் அகலம் ஐந்து சங்கிலி. பையன்கள் அளந்ததில் நாலேகால்தான் வந்தது.

"எங்கயோ எண்ணாம வுட்டிருப்பீங்க. மறுபடி அளங்க" என்றேன்.

அந்தோணிசாமி வரதராஜன்பேட்டைப் பையன், மாமன் வீட்டில் தங்கிப் படித்தவன், அதிகம் பேசமாட்டான். மூன்றாவது தடவை அளந்துவிட்டு அவன்தான் வந்து சொன்னான்: "சங்கிலி சரியாத்தான் இருக்கு சார். வேலிதான் உள்ள வந்திருக்கு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் படிப்பு முதல் தடவையாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறதே. அந்தச் சந்தோஷத்தோடு ஹெட்மாஸ்டரிடம் ஓடிச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. சாயங்காலம் என்னைத் தலைவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். தலைவர் இனிமையான மனிதர். வறுத்த முந்திரி கொடுத்தார்.

"தம்பிய இன்னும் பர்மனென்ட் பண்ணலீங்களா?" என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார்.

"இந்த மாசக் கமிட்டியில வருதுங்க."

"பண்ணிடுவோம். புள்ளைங்க என்னமோ படம் போடுதாமே. நல்லாப் போடச் சொல்லுங்க."

வேலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முந்திரி நன்றாகவே இருந்தது.

மறுநாள் வகுப்பில், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பாடம் நடத்தினேன். சங்கிலி வெயிலில் நீளும், நீண்ட சங்கிலி அளவைக் குறைத்துக் காட்டும், ஆகவே எல்லாரும் முக்கால் சங்கிலி கூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவ்வளவு நீளவேண்டுமானால் சங்கிலிக்கு முன்னால் பையன்கள் வெந்திருப்பார்கள். பதினேழு பேர் கூட்டிக்கொண்டார்கள்.

"கூட்டுனா படம் பொய்யாயிடும் சார்" என்றான் அந்தோணிசாமி.

"நோட்டுல என் கையெழுத்து இல்லாட்டிப் பரீட்சைக்குப் போக முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் அவன் இன்ஜினியரிங்கை விட்டுப் பொதுப்பிரிவுக்குப் போய்விட்டான். அந்த மாதமே எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. பதினேழு படங்களில் அழகான ஒன்றில் பெரிதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தலைவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தலைவர் காலமாகிவிட்டார். புதிதாக வந்த ஹெட்மாஸ்டர் ஒருவர், மைதானத்தை மீட்கத் தலைவரின் பிள்ளைகள்மேல் கேஸ் போட்டார். வேறு ஊரில் இருந்த நான் சாட்சிக்குப் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல், வேலிவரை ஐந்து சங்கிலி என்றிருந்த அந்தப் படத்தைக் கண்ணாடியோடு தூக்கிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமா. ஆனா அந்த அளவு தப்பு."

"தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்" என்றேன். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தோணிசாமியும் வந்திருந்தார். ஆரம்பப் பள்ளி ஆசிரியராகியிருந்தார். தன் பழைய நோட்டைக் கொண்டுவந்திருந்தார். மைதானம், வேலி, நாலேகால் சங்கிலி, எல்லாம் அதில் அப்படியே இருந்தன. வக்கீல் கடைசிப் பக்கம்வரை புரட்டி, "வாத்தியார் கையெழுத்து இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கேஸ் தோற்றது.

கோர்ட் வாசலில் பேனாவைத் திறந்துகொண்டு, அந்த நோட்டைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"இப்ப வேணாம் சார்" என்றார். "தேதி தப்பாயிடும்."

அந்தப் பிரிவைப் பிற்பாடு எடுத்துவிட்டார்கள். கொட்டகையும் விழுந்துவிட்டது. வேலி இன்னும் இரண்டு தடவை மேற்கே வந்ததாகச் சொல்கிறார்கள். அளந்து பார்க்கத்தான் அங்கே யாருக்கும் சொல்லித் தரவில்லை. இப்போது அந்தப் பள்ளிப் பிள்ளைகள் டிரில் பீரியடில் வகுப்புக்குள்ளேயே, பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றபடி, கைகளை மட்டும் மேலே தூக்கி இறக்குகிறார்களாம்.