வடிகட்டியில் சிக்கிய பள்ளங்கள்

ஓசூரில் எந்தச் சாலையை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்க, மக்கள் சமூக வலைத்தளங்களில் எழுதும் புகார்களைத் திரட்டி வரைபடம் போடுவது என் வேலை. ஒரு புகாருக்கு ஒரு சிவப்புப் புள்ளி. ஊரெல்லாம் அம்மை போட்டதுபோல் இருந்தது. மத்திகிரி சாலையில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. தினமும் அதில் ஸ்கூட்டர் ஓட்டி இடுப்பு ஒடிந்தவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பேர் போகிறார்களே, ஒருவர்கூடவா வாயைத் திறக்கவில்லை?

கெட்ட வார்த்தை உள்ள பதிவுகளைக் கணினியே ஒதுக்கிவிடும். அந்த வார்த்தைப் பட்டியலைத் தயாரித்தது திருநெல்வேலிக்காரியான நான்தான். ஒதுக்கியவற்றைத் திறந்து பார்த்தேன். வரிக்கு வரி ‘குண்டி’.

பக்கத்து மேசைப் பெண் மத்திகிரிக்காரி, வீட்டில் கன்னடம் பேசுபவள். எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அக்கா, கன்னடத்துல பள்ளத்துக்குப் பேரே அதான்க்கா! நாங்க படிச்சது தமிழ்ப் பள்ளிக்கூடம். கன்னடத்தையும் தமிழ் எழுத்துலதான் எழுதுவோம்.”

அந்த வார்த்தையைப் பட்டியலிலிருந்து தூக்கினேன். மத்திகிரி சாலை குபீரென்று சிவந்தது! நான் போட்ட கூச்சலில் மேலாளரே அறையைவிட்டு ஓடி வந்தார்.

மாலையில் அதே சாலையில், அந்தக் குஷியிலேயே ஒரு பள்ளத்தில் ஸ்கூட்டரை இறக்கிவிட்டேன். வண்டி என்னைத் தூக்கிப் போட்டு உட்கார வைத்தது. அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னேன். தமிழில் சொன்னேனா கன்னடத்தில் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டிலும் சரியாகத்தான் இருந்தது.