அம்மன் இறங்கியதாகத்தான் நினைத்தார்கள்

சில வருடங்களுக்கு முன், ஆற்றுக்கால் அம்மன் கோயில் பொங்காலையன்று, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் நடுரோட்டில் நடந்தது இது. நானும் மைனியும், அதாவது என் அண்ணன் மனைவியும், செங்கல் அடுப்பு மூட்டிப் பானை வைத்திருந்தோம். எங்கு திரும்பினாலும் பெண்கள், புகை, மண்டையைப் பிளக்கும் வெயில். கோயிலிலிருந்து பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை மைனி பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட விடமாட்டாள்.

பொங்கி, வெல்லமும் போட்டாயிற்று. திடீரென்று மைனியின் உடம்பு வெடவெடவென்று ஆடியது. தோளைப் பிடித்தேன். "தொடாதட்டி! போ அந்தால!" என்று கத்தினாள். அதிர்ந்து பேசாதவள்! அம்மன் இறங்கிவிட்டாள் என்று சுற்றியிருந்தவர்கள் கைகூப்பிக் குரவையிட்டார்கள். எனக்கும் மெய்சிலிர்த்தது.

ஆனால் அந்த வெயிலிலும் அவள் கை சில்லென்று வியர்த்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. மைனி சர்க்கரை நோயாளி.

"காலம்பற இன்சுலின் போட்டியளா மைனி?"

"பின்ன, போடாம?" என்றாள், நாக்குழறி.

அதுவும் வெறும் வயிற்றில்! நாம் பட்டினி கிடந்தால் கணையம் தானாகவே இன்சுலினைக் குறைத்துக்கொள்ளுமாம். வேறொரு ஹார்மோன் ஈரலில் சேர்த்த சர்க்கரையை ரத்தத்துக்கு எடுத்துக் கொடுக்குமாம். பிறகு டாக்டர் சொன்னது. ஊசியில் போன இன்சுலினுக்கு விரதமெல்லாம் தெரியாது, அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். அந்த ஆட்டமும் கத்தலும் அதனால்தான்.

எங்கள் வெல்லம் மொத்தமும் கொதிக்கும் பானைக்குள். பக்கத்து அடுப்பு அம்மாவிடம் பதறிக் கேட்டேன். "நிவேத்யம் கழிஞ்ஞில்லல்லோ," படையல் இன்னும் முடியவில்லையே என்று யாரோ தடுத்தார்கள். அந்த அம்மா காதிலேயே வாங்கவில்லை. தன் பானைக்கென்று வைத்திருந்த வெல்லத்தை நொறுக்கித் தண்ணீரில் கரைத்தார். "அம்மைக்குள்ளது அம்ம பின்னெ வாங்ஙிச்சோளும்." அம்மன் தன் பங்கைப் பிறகு வாங்கிக்கொள்வாளாம்.

மைனியோ பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இந்தக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்? "குடியுங்க மைனி" என்று வாய்விட்டு அழுதேன். ஒரு மடக்கு விழுங்கினாள். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "எதுக்குட்டி அழுக?" என்று கேட்டாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அவர் பொங்கலில் அன்று இனிப்பு குறைந்திருக்கும். ஆனாலும் அம்மன் மனம் குளிர்ந்து ஏற்றுக்கொண்டது அந்தப் பானையைத்தான் என்று இன்றும் நம்புகிறேன்.