இறக்கம் எழுதாத ரயில்பாதை

என்னுடைய ரயில்பாதை ஒரு சின்ன ஸ்டேஷனில் தொடங்கும். ஓட்டுக் கூரை, ஒரு வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி. அதைத் தாண்டினால் சோளக்காடு. காட்டோரமாக ஒரு வளைவு, வளைவு முடிந்ததும் பாதை மெல்ல மேலேறும். ஓடைக்கு மேல் ஐந்து கண் பாலம். பாறையைக் குடைந்த சுரங்கம். சுரங்கத்துக்கு அப்பால் எந்நேரமும் கொஞ்சம் பனி நிற்கும். பனிக்கு மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு எடுத்துவந்து பிய்த்து ஒட்டியிருந்தேன். மலையெல்லாம் சுற்றிவிட்டு ரயில் மறுபடியும் அதே வேப்பமரத்தடியில் வந்து நிற்கும்.

இத்தனையும் பொய். பஞ்சைக்கூட ஒட்டவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மூன்று வருஷம் நான் அந்தப் பாதையைக் கட்டியதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள்தான்.

நாங்கள் நான்கு பேர். கோயமுத்தூர் பொருட்காட்சியில் ஒரு பொம்மை ரயில் கடை முன்னால்தான் அறிமுகம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வந்தவர்கள். கூடப் பிள்ளை யாரும் இல்லாமல், அரைமணி நேரமாக வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஆண்கள் நாங்கள் நான்கு பேர் மட்டுமே. ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டோம், பிறகு டீ குடிக்கப் போனோம். கொடுமுடிக்காரர் வாழையும் மஞ்சளும் வைத்த விவசாயி, மோட்டார் ரூமுக்குள் வெல்டிங் கம்பியில் காவிரிப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். பெருந்துறைக்காரருக்குத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை, எங்கள் எல்லோருக்கும் சக்கரம் கடைந்து தருவது அவர்தான். வால்பாறைக்காரர் டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். நான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் குமாஸ்தா.

அடிக்கடி சந்திக்க முடியாது என்பதால் ஒரு நோட்டுப் போட்டோம். காக்கி அட்டை போட்ட ரெண்டு குயர் நோட்டு. அதில் அவரவர் வேலை எதுவரை வந்தது என்று எழுதி, போட்டோ இருந்தால் ஒட்டி, மஞ்சப்பையில் சுற்றி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அடுத்த ஆளுக்கு அனுப்பவேண்டும். ஒரு சுற்று வர ஒன்றரை மாதம் ஆகும். ஒரே ஒரு சட்டம் உண்டு, கொடுமுடிக்காரர் போட்டது: முதல் வரியில் கெட்டுப்போனதை எழுதவேண்டும், அதற்கப்புறம்தான் நடந்ததை எழுதலாம். "எலி ஒயரைக் கடிச்சுப்போட்டுதுங்க" என்றுதான் அவர் பக்கம் எப்போதும் ஆரம்பமாகும்.

நான் பொய்யனாகப் பிறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து மச்சினன் பெட்டியோடு ஒரு பொம்மை ரயில் செட் கொண்டுவந்து கொடுத்திருந்தான். வளைவுத் தண்டவாளம், நேர்த் தண்டவாளம், டிரான்ஸ்ஃபார்மர், ஓர் எஞ்சின் எல்லாம் இருந்தன. எஞ்சினை முதல் மாதமே புகையவிட்டேன். மாடிக் கொட்டகையில் மேசை போடலாம் என்று ஒரு பலகையை அறுத்தேன், அது கோணிக்கொண்டது. நேராக்கப் போய் இன்னும் கோணியது. எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசிவிடுவேன், ரம்பம் மூலைக்குப் போனது. பலகையை என் மனைவி எடுத்துக் கழுவி அதில் வடகம் காயவைத்தாள். அந்த வாரம் பார்த்து நோட்டு வந்தது. கெட்டுப்போனது என்ற வரியில் கோணல் பலகையை எழுதினேன். நடந்தது என்ற வரியில் எழுத ஒன்றுமில்லை. சும்மா விட மனம் வராமல், "ஸ்டேஷன் முடிந்தது, வேப்பமரம் நட்டாயிற்று" என்று எழுதிவிட்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு மூன்று வருஷம் ஓடியது என்றால் அதற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் அல்ல, அந்தப் பாதை அவ்வளவு நன்றாக இருந்தது. மில்லுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். தலை கம்பியில் சாயும், கண் பாதி மூடும், ஒண்டிப்புதூர் வருவதற்குள் நான் ஒரு பாலம் கட்டியிருப்பேன். சோளக்காட்டில் காற்று அடிப்பது தெரியும். சுரங்கத்துக்குள் ஈரப் பாறையின் வாசனை வரும். எத்தனையோ தடவை ஸ்டாப்பைத் தவறவிட்டு, கண்டக்டரிடம் பாட்டு வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். நோட்டு சுற்றச் சுற்றப் பாதையும் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று உயரே போயிற்று. மேலே போகப்போகக் குளிர்ந்தது, கீழே வர எனக்கு மனமே இல்லை. கெட்டுப்போனதையும் நானே தயார்செய்தேன். பசை ஒட்டவில்லை, பாலம் அரை அங்குலம் குட்டையாகிப் போனது, கேமராவில் ஃபிலிம் சிக்கிக்கொண்டது என்று.

வால்பாறைக்காரர்தான் என் பக்கத்தை உயிராகப் படித்தார். எஸ்டேட் லைன் வீட்டின் ஒற்றை அறையில் அவருக்கு இடம் கிடையாது. கட்டிலுக்கு மேல் ஓர் அலமாரித் தட்டு, அதில் நாலடி நேர்த் தண்டவாளம், அதுவும் நான் என் பெட்டியிலிருந்து அனுப்பியது. டேப் ரெக்கார்டர் மோட்டாரும் பிஸ்கட் டின்னும் வைத்து அவர் செய்த எஞ்சின் அந்த நாலடிதான் ஓடும். தட்டு முடியும் இடத்தில் கையை நீட்டிப் பிடிக்காவிட்டால் கீழே விழுந்துவிடும். "மழை ஆறு நாளா உடலீங்க. உங்க பக்கத்தையே மறுக்கா மறுக்கா படிச்சுட்டுக் கெடந்தேன். சொரங்கத்துக்கு அக்கட்ட என்ன வருதுங்க?" என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருப்பார். கேட்டவருக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? சுரங்கத்துக்கு அப்பால் ஒரு தேயிலைச் சரிவை எழுதினேன்.

அப்புறம் ஒருநாள் அவரிடமிருந்து தபால் கார்டு வந்தது. ஃபேக்டரி அடுப்பைப் பழுது பார்க்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு. நோட்டையும் எஞ்சினையும் தானே எடுத்துக்கொண்டு வருகிறார். "உங்க லைன்ல ஒரே ஒரு சுத்து ஓட்டிப் பாக்கோணுமுங்க. மூணு வருசமா அது நாலடிக்கு மேல போனதில்லீங்க."

கார்டைப் படித்ததும் காலண்டரில் நாட்களை எண்ணினேன். பத்து நாள் இருந்தது. பலகை வாங்கினேன், ரம்பத்தைத் தேடியெடுத்தேன், விரலை அறுத்துக்கொண்டேன். மூன்று வருஷப் பாதையைப் பத்து நாளில் கட்ட நான் என்ன மாயக்காரனா? காய்ச்சல் என்று தந்தி அடித்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் நோட்டை ஒரு வரி விடாமல் படித்தவள்தான், ஆனால் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஏனுங்க, அந்த மனுசன் நாப்பது கொண்டை ஊசி வளைவு எறங்கி வாரேங்கறாரு. வந்தா ரெண்டு இட்லியும் உண்மையும் குடுத்துத் தாட்டி உடுங்க" என்றாள்.

முதல் பஸ் பிடித்துப் பத்தரைக்கெல்லாம் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், கழுத்தில் மஃப்ளர், கையில் கனமான ஒரு ரெக்ஸின் பை. இட்லி சாப்பிட்டார், காபி குடித்தார். அவர் கண் மட்டும் மாடிப்படியிலேயே இருந்தது.

"லைன் மேலீங்களா?"

"வாங்க" என்று கூட்டிப்போனேன். கொட்டகைக் கதவைத் திறந்தேன். கோணல் பலகை, அதன்மேல் வடகம், மூலையில் அரைகுறையாய் அறுத்த புதுப் பலகையும் தண்டவாளப் பெட்டியும். எத்தனையோ விதமாகச் சொல்ல ஒத்திகை பார்த்திருந்தேன். "இவ்வளவுதானுங்க. மிச்சமெல்லாம் எழுதுனது மட்டுந்தான்" என்றேன். அவமானத்தில் காது சுட்டது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வடகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு வடகத்தை எடுத்து ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்து, "உப்பு சித்தே எச்சுங்க அம்மணி" என்றார். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து பையைத் திறந்தார். எஞ்சினை எடுப்பார் என்று நினைத்தேன். வந்தது மரத்துண்டுகள். டீப் பெட்டியின் பிளைவுட்டில் அறுத்துத் தேய்த்து, பென்சிலால் நம்பர் போட்ட துண்டுகள். ஒவ்வொன்றாகத் தரையில் நிறுத்தினார். முதல் துண்டு ஒன்பது அங்குலம். அடுத்தது அரை அங்குலம் குறைவு. அதற்கடுத்தது இன்னும் அரை. பதினெட்டாவது துண்டு அரை அங்குலத்தில் முடிந்தது.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

"எப்படி?"

"உங்க பக்கத்தை மொதல்ல இருந்து கூட்டிப் பாத்தனுங்க. பதினோரு எடத்துல ஏறுது, மொத்தம் ஒம்பது அங்குலம். ஒரு எடத்துலயும் எறங்கலீங்க. அப்பறம் எப்பிடி அதே வேப்பமரத்துக்கு வந்து நிக்கும்? கையில ரம்பம் புடிச்சவன் இதை உடமாட்டானுங்க. நான் தெனம் மலையில இருக்கறவன், எனக்கு ஏத்தம் எறக்கந்தானுங்க கண்ணுக்குப் படும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிடிபட்ட திருடனுக்குத்தான் கோபம் அதிகம். "தெரிஞ்சும் ஏனுங்க ஒரு வார்த்தை எழுதலை?"

"எழுதுனா நீங்க நிறுத்திப்போடுவீங்களே" என்றார். "எறக்கம் இல்லாம உட்டா வண்டி ஊடு திரும்பாதுங்க. அதான் எறக்கத்தை நான் அறுத்துக் கொண்டாந்துட்டேன், ஒண்ணொண்ணா தண்டவாளத்துக்கு அடியில முட்டுக் குடுத்தாப் போதுமுங்க. ஏத்தம் உங்களோடது, அதை நீங்கதான் அறுக்கோணும்."

அந்தப் பதினெட்டுத் துண்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அதை மறைக்கப் பெட்டியைத் தூக்கிவந்து தண்டவாளத்தைக் கொட்டினேன்.

இருந்த வளைவுகளையெல்லாம் தரையில் மாட்டினோம். நேர்த்துண்டு போதவில்லை. அவர் தன் பையிலிருந்து அந்த நாலடியை எடுத்துக் கொடுத்தார், அலமாரியிலிருந்து கழற்றியே கொண்டுவந்திருந்தார். அதையும் சேர்த்ததும் ஒரு நீள்வட்டம் முழுசாக மூடியது. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, சிமெண்டுத் தரை. எஞ்சினை நாலடியின் தொடக்கத்தில் வைத்தார். முதலில் முனகிவிட்டு நின்றது. சக்கரத்தை வேட்டி முனையால் துடைத்து மறுபடி வைத்தார். இந்தத் தடவை நகர்ந்தது.

ஓரடி. இரண்டடி. மூன்றடி. நாலடி முடியும் இடத்தில் அவர் கை தானாக நீண்டது, மூன்று வருஷப் பழக்கம். எஞ்சினைத் தொடப்போகும் சமயத்தில் கை அப்படியே நின்றது. எஞ்சின் அதைக் கடந்து வளைவுக்குள் போனது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, பொருட்காட்சியில் பார்த்த அதே முகம்.

"அக்கட்ட மூலையில சொரங்கமுங்க, விசில் ஊதுங்க" என்றாள் என் மனைவி. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதட்டைக் குவித்து நீளமாக ஊதினார். ஒரே ஒரு சுற்று என்று வந்த மனிதர் இரண்டு மணி நேரம் ஓட்டினார். மோட்டார் தொட முடியாதபடி சுட்ட பிறகுதான் நிறுத்தினோம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவரை பஸ் ஏற்றிவிட்டேன். நாலடித் தண்டவாளத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், வேண்டாம் என்றார். "இங்கயே இருக்கட்டுங்க, சுத்து அறுந்து போயிரும்."

வீட்டுக்கு வந்து அரை அங்குலத்தில் ஒரு துண்டு அறுக்க உட்கார்ந்தேன். பொழுது இறங்கிவிட்டது. ரம்பத்தை ஒரு தடவைகூட வீசவில்லை. முடித்துவிட்டு, அவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன நோட்டைத் திறந்தேன். கொடுமுடிக்கும் பெருந்துறைக்கும் இதுதான் போகப்போகிறது. சட்டப்படி முதல் வரியை எழுதினேன்.

"கெட்டுப்போனது: மூன்று வருஷமாக நான் எழுதிய பாதை. அதில் ஒரு ஆணிகூட அடிக்கப்படவில்லை.

நடந்தது: ஏற்றத்துக்கு முதல் துண்டு அறுத்தேன். அரை அங்குலம். கோணலாகத்தான் இருக்கிறது."